புது மரத்துக்குப் பழைய நிறம்: வினிகரும் இரும்பும் போதும்

புது மர ஸ்டூலோ அலமாரியோ காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து வந்தது போல் தெரிய, விலை உயர்ந்த ஸ்டெயின் (மரச்சாயம்) தேவையில்லை. ஒரு கைப்பிடி ஸ்டீல் உல்லை, அதாவது பஞ்சு போன்ற மெல்லிய இரும்பு நாரை, சோப்புத் தண்ணீரில் அலசி, வெள்ளை வினிகரில் ஓரிரு நாள் ஊறப்போடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வரும். மரத்தை உப்புத்தாளால் தேய்த்து, பாலில்லாத கடுந்தேநீரைப் பூசிக் காயவிடுங்கள். பிறகு வடிகட்டிய வினிகரைத் தூரிகையால் தடவுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் சாம்பல், பழுப்பு என்று மாறும்.

வினிகரில் கரைந்த இரும்பு, மரத்தின் துவர்ப்புச் சத்தான டானினோடு சேர்ந்து கருக்கிறது. இது மேல்பூச்சு இல்லை, இழைக்குள்ளேயே நடக்கும் மாற்றம். அதனால்தான் உரிவதில்லை. பைன், ரப்பர் மரங்களில் டானின் குறைவு, அவற்றுக்குத் தேநீர் அவசியம். கருவேலத்தில் அது நிறைய, தேநீர் இல்லாமலே பிடிக்கும். அதற்கு வினிகரில் தண்ணீர் கலந்தே தடவுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்டெயின்லெஸ் கம்பிநார் இதற்கு ஆகாது, அது வினிகரில் லேசில் கரையாது. வார்னிஷ், பெயின்ட் அடித்த மரத்தை முழுக்கச் சுரண்டாமல் பூசினால் திட்டுத் திட்டாக நிற்கும். பிளைவுட், லேமினேட் பலகைகளில் முயல வேண்டாம். முதலில் அடிப்புறத்தில் சோதித்துப் பாருங்கள், ஏறிய கருமையை எடுப்பது சிரமம்.

வீட்டில் ஆயா காலத்துப் பர்மா தேக்குச் சாமான் இருந்தால், தயவுசெய்து அதன் மேல் இதைப் பூசாதீர்கள். அதற்குத் துணியால் துடைத்துக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் தடவினாலே போதும்.