பத்து வருஷத்துக்கு ஒரு வெற்றி: மாமாக் கடை மேசையில பாக்சிங் வாதம் பண்றது எப்படி

மலேசியாவுல இருக்குற எங்க ஊரு பேர போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி வருஷக்கணக்காச்சு, நாங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்றோம், எங்க மேசையில பாக்சிங்கும் அப்படித்தான், ஒருத்தன் மனசுல ஒரு தடவ ஒக்காந்த பேரு லேசுல எறங்காது. சனிக்கிழமை ராத்திரி ஆறு பேரு மாமாக் கடையில (இங்க இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடைய அப்படித்தான் சொல்வோம்) கூடி "எழுபதுகள்ல பெரிய வெற்றி எதுலா"ன்னு ஒருத்தன் வாயத் தொறந்தா போதும், மீ கோரேங் ஆறிரும், தே தாரிக்ல ஆடை கட்டிரும், கடைக்கார அண்ணன் வந்து "டேய் குடும்பம்லாம் சாப்புடுதுடா"ன்னு சொல்லுவாரு. இப்படியே ரெண்டு வருஷம் கத்தி தொண்ட போனதுக்கப்புறம் ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் பாக்சிங்ல பெரிய வெற்றி ஒண்ண ஓட்டுப் போட்டு எடுக்க நாங்களா ஒரு முறை வச்சிக்கிட்டோம். உங்க ஊர்லயும் இப்படி ஒரு மேசை இருந்தா எடுத்துக்குங்க.

மொதல்ல வருஷக் கணக்கப் பேசி முடிங்க. 1970-லேருந்து 1979 வரைக்கும் ஒரு பத்தா, இல்ல 1971-லேருந்து 1980 வரைக்குமா? இது சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. பஸ்டர் டக்ளஸ் மைக் டைசன டோக்கியோவுல சாய்ச்சது 1990 பிப்ரவரி 11, சாவேஸ் மெல்ட்ரிக் டெய்லர நிறுத்துனது (அதாவது மேல ஆட முடியாதுன்னு ரெஃபரி சண்டைய முடிச்சு வைக்கற மாதிரி அடிச்சது) அதே வருஷம் மார்ச் 17. கணக்கு மாறுனா ரெண்டும் அப்படியே எண்பதுகளுக்குப் போயிரும், தொண்ணூறுகள் பாதி காலி. நாங்க 0-லேருந்து 9 வரைக்கும்னு முடிவு பண்ணிட்டோம். வாதம் நடுவுல சூடு புடிச்சப்புறம் இத எடுத்தீங்கன்னா, தோக்கப் போறவன் அதையே புடிச்சிக்கிட்டுத் தொங்குவான்.

அடுத்தது, எங்க பாதி சண்டைக்குக் காரணமே இதுதான், "பெரிய சண்ட"யும் "பெரிய வெற்றி"யும் வேற வேற. 1975 மணிலாவுல முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் 14 ரவுண்டு அடிச்சிக்கிட்டது மாதிரி ஒரு சண்ட இல்லைன்னு நானும் சொல்றேன், ஆனா அந்த ஃப்ரேசியர ஜார்ஜ் ஃபோர்மன் ஏற்கனவே ரெண்டு ரவுண்டுல முடிச்சிருந்தாரு, அலியே அதுக்கு முந்துன வருஷம் ஒரு தடவ ஜெயிச்சிருந்தாரு. அப்ப வெற்றின்னு எடைபோட்டா அது கொஞ்சம் எறங்குது இல்லையா. எங்க மேசையில மொத கேள்வி இப்ப இதுதான்: தோத்தவன் அன்னிக்கு யாரு? ஜெயிச்சவன் பேர அப்புறம் பேசிக்கலாம்.

இத வச்சு எழுபதுகளப் பாருங்க, சிக்கலே இல்ல. 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவுல கின்ஷாசா, அலியும் ஃபோர்மனும். ஃபோர்மனுக்கு வயசு 25, 40 சண்ட, 40-ம் வெற்றி, அதுல 37 நாக்கவுட். அலிய ஜெயிச்ச ரெண்டு பேரு ஃப்ரேசியர், நார்ட்டன், அந்த ரெண்டு பேரையும் ஃபோர்மன் ஆளுக்கு ரெண்டே ரவுண்டுல அனுப்பி வச்சிட்டாரு, ஃப்ரேசியர் ஆறு தடவ கீழ விழுந்தாரு. அப்படிப்பட்டவன் முன்னாடி 32 வயசு அலி கயித்துல சாஞ்சிக்கிட்டு, கைய மடக்கி மூஞ்ச மூடிக்கிட்டு, அடிச்சிக்கோடான்னு நின்னு, அவனக் களைக்க வச்சு எட்டாவது ரவுண்டுல முடிச்சாரு. அங்க விடியக்காலம் நாலு மணி, நம்ம நாட்டுல அப்பல்லாம் கடிகாரம் கின்ஷாசாவ விட ஆறரை மணி நேரம்தான் முன்னாடி, அதனால இங்க காலைல பத்தரை. எங்க பெரியப்பா அப்ப கித்தாத் தோட்டத்துல, அதாவது ரப்பர் தோட்டத்துல, பால் மரம் சீவிக்கிட்டிருந்தவரு, பால் எடுத்து வாளியத் தூக்கிக்கிட்டு நிறுக்குற எடத்துக்கு வந்தப்பதான் சேதி வந்துச்சாம், கேட்டதும் சிரிப்புல வாளி சாஞ்சு பாதி பாலு மண்ணுல போயி தண்டல்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாராம். அம்பது வருஷமா அவரு இதச் சொல்றாரு, ஒவ்வொரு தடவையும் கொட்டுன பாலு கொஞ்சம் கூடிக்கிட்டே போவுது.

பெருசுங்க இருக்குற மேசைன்னா இன்னொண்ணும் வேணும். அலி நம்ம மெர்டேக்கா ஸ்டேடியத்துல 1975-ல ஜோ பக்னரோட 15 ரவுண்டு ஆடி புள்ளில ஜெயிச்சாரு, அத நேர்ல பாத்தேன்னு சொல்ற அங்கிளுங்க ஸ்டேடியம் கொள்ளுற ஆள விட ஜாஸ்தி. அவங்களுக்கு மரியாதையா ரெண்டு நிமிஷம் கூடக் குடுங்க, "நீங்க சொல்லுங்க அங்கிள்"னு கேளுங்க, ஆனா ஓட்டு ஆளுக்கு ஒண்ணுதான். பாக்கியாவ் 2018-ல புக்கிட் ஜாலில்ல மத்தீசேவ ஏழாவது ரவுண்டுல முடிச்சதுக்கும் அதே சட்டம். நம்ம மண்ணுல நடந்துச்சுங்கறதுக்காக பட்டியல்ல ஏத்த முடியாதுலா, அந்த ராத்திரி நானும் தொண்ட கிழியக் கத்துனவன்தான், இருந்தாலும்.

எண்பதுகளுக்கு வந்தா வீட்டுப்பாடம் செஞ்சிட்டு வரணும். முழு சண்டையப் பாக்காதவன் பேசக்கூடாதுன்னு நாங்க கண்டிஷன் போட்டதே 1987 லெனார்ட்–ஹேக்லரால. யூடியூப்ல அஞ்சு நிமிஷ ஹைலைட்ஸ் பாத்தா லெனார்ட் பறக்குற மாதிரி தெரியும். நீங்க சத்தத்த அணைச்சிட்டு 12 ரவுண்டையும் பாருங்க, கையில பேப்பர் பேனா, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஜெயிச்சவனுக்கு 10, தோத்தவனுக்கு 9, கீழ விழுந்தா இன்னொரு புள்ளி கொறைங்க, பக்கத்துல உள்ளவன் பேப்பர எட்டிப் பாக்காதீங்க. சத்தத்த ஏன் அணைக்கணும்னா கமெண்டரி பண்றவன் யாருக்குக் கத்துறானோ உங்க பேனாவும் அந்தப் பக்கம் சாஞ்சிரும். லெனார்ட் ரவுண்டு முடிய அரை நிமிஷம் இருக்கும்போது படபடன்னு அடிச்சு ஜட்ஜு கண்ணுல அத நிக்க வச்சிருவாரு, மத்த ரெண்டரை நிமிஷமும் ஹேக்லர்தான் தொரத்துவாரு. மூணு ஜட்ஜுல ஒருத்தர் லெனார்டுக்கு 118-110 குடுத்தாரு, ஒருத்தர் 115-113 லெனார்டுக்கு, இன்னொருத்தர் அதே 115-113 ஹேக்லருக்கு. ஒரே சண்டதான்! எங்க மேசையில நாலு பேப்பர் பிரிச்சோம், ரெண்டுக்கு ரெண்டு.

ஆனா எண்பதுகளுக்கு நான் ஓட்டுப் போட்டது அதே லெனார்டோட வேற வெற்றிக்கு, 1981 செப்டம்பர் 16, எதிர்ல ஹெர்ன்ஸ். ஹெர்ன்ஸ் அதுவரைக்கும் 32 சண்ட, தோல்வியே இல்ல, 30 நாக்கவுட். 13 ரவுண்டு முடியுறப்ப மூணு ஜட்ஜு கணக்குலயும் ஹெர்ன்ஸ்தான் முன்னாடி, லெனார்டுக்கு எடது கண்ணு வீங்கி மூடிக்கிட்டு வருது, அந்த நெலமையில 14-வது ரவுண்டுல போயி நிறுத்துனாரு பாருங்க. ஹேக்லர் 1985-ல அதே ஹெர்ன்ஸ மூணு ரவுண்டுல முடிச்சதுதான் உசத்தின்னு என் மச்சான் இன்னும் சொல்றான், ஆனா ஹெர்ன்ஸ் அப்ப எடை ஏறி வந்தவரு, கையும் சண்டையில ஒடஞ்சு போச்சு. பாக்க அதுதான் நெருப்பு, எடை போட்டா 1981.

நம்பர வாயில எடுக்கறதுக்கு முன்னாடி சரி பாத்துக்குங்க, இது நான் பட்ட பாடு. கின்ஷாசா சண்ட பத்து ரவுண்டு போச்சுன்னு மேசையத் தட்டி அடிச்சு சொன்னேன், ஃபாரம் ஃபோர் படிக்கிற பையன் ஒருத்தன் ஃபோன எடுத்து "அங்கிள், எட்டு"ன்னான். அன்னிக்கு மேசை பில்லு முழுக்க என் தலையில, ரோத்தி சானாய்க்கே பதினேழு வெள்ளி.

தொண்ணூறுகள்தான் எங்களப் பிரிக்கிற பத்து. டக்ளஸ் கட்சி சொல்றது: டைசன் 37-க்கு 37, பந்தயத்துல டக்ளஸ் ஜெயிச்சா 1-க்கு 42, அம்மா செத்து மாசங்கூட ஆவல, எட்டாவது ரவுண்டுல டைசன் அடிச்சுக் கீழ போட்டும் எந்திரிச்சு பத்தாவதுல நாக்கவுட். "டைசன் அன்னிக்கு ரெடியா இல்ல"ன்னு எதிர்க்கட்சி சொல்லும். அதுக்கு இந்தப் பதில் வச்சிக்குங்க: ரெடியா இல்லாதவனா எட்டாவது ரவுண்டுல அப்படி ஒரு அடி அடிச்சான்?

பெரியப்பா கட்சி ஃபோர்மன் கட்சி. 1994 நவம்பர் 5, மைக்கல் மூரர் 35 சண்டையும் ஜெயிச்சவன், மூணு ஜட்ஜு கணக்குலயும் முன்னாடி, 45 வயசு ஃபோர்மன் பத்தாவது ரவுண்டுல ஒரு குத்து விட்டாரு, முடிஞ்சது. கின்ஷாசாவுல போட்ட அதே சிவப்பு கால்சட்டை, கின்ஷாசாவுல அலி மூலையில நின்ன பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ இந்தத் தடவ ஃபோர்மன் மூலையில. கதைன்னா இதுதான் கதை. ஆனா தோத்தவன் யாருன்னு கேளுங்க, மூரர் டைசன் இல்லையே. இதச் சொன்னா பெரியப்பா தே ஓ கிளாஸ நவுத்தி வச்சிட்டு என்னையே மொறைப்பாரு.

2000-க்கு அப்புறம் எடைய ஒரு ஆயுதமா வச்சிக்குங்க. பாக்கியாவ் டி லா ஹோயாவ 2008 டிசம்பர்ல எட்டு ரவுண்டோட உக்கார வச்சாரு, டி லா ஹோயா எடை எறக்கி வத்திப் போயி வந்தாருன்னு சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா பாக்கியாவ் அதே வருஷம் மார்ச்சுல 130 பவுண்டுல ஆடுனவரு, டிசம்பர்ல 147. ரெண்டையும் தராசுல வைங்க. என் ஓட்டு 2001 ஹாப்கின்ஸுக்கு, 40-க்கு 40 ஜெயிச்சு வந்த டிரினிடாட ரவுண்டு ரவுண்டா பிரிச்சு மேஞ்சு 12-வதுல நிறுத்துனாரு. கொராலஸ் 2005-ல பத்தாவது ரவுண்டுல ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சு அதே ரவுண்டுல கஸ்டிலோவ நிறுத்துனது சண்டைப் பட்டியலுக்கு மொதல், வெற்றிப் பட்டியலுக்கு ரெண்டாவது.

2010-கள்ல ஃபியூரி 2015-ல கிளிட்ஷ்கோவ ஜெயிச்சதச் சொன்னா "தூக்கம் வந்துச்சுலா"ம்பாங்க. வரட்டும். கிளிட்ஷ்கோ 2004-க்கு அப்புறம் தோக்கவே இல்ல, அதுவும் அவரு வாழ்ந்த ஜெர்மனியிலயே, டுசல்டார்ஃப்ல போயி ஜெயிச்சது.

இப்ப ஓடுற பத்த பென்சில்லயே எழுதுங்க. உசிக் 2024 மே மாசம் ரியாத்ல, அதுவரைக்கும் தோக்காத ஃபியூரிய ஜெயிச்சு ஹெவிவெயிட் நாலு சாம்பியன் பெல்ட்டையும் ஒண்ணாக்குனாரு, க்ராஃபர்ட் 2025 செப்டம்பர்ல ரெண்டு எடைப் பிரிவு தாண்டி வந்து கனேலோவ ஜெயிச்சாரு. என் தங்கச்சி ஒரு நாள் புங்குஸ் (பார்சல்) வாங்க வந்தவ நின்னுக்கிட்டே கேட்டா, "பொம்பளைங்க சண்ட ஒண்ணுகூடவா இல்ல?" 2022 ஏப்ரல் 30, மேடிசன் ஸ்குவேர் கார்டன்ல மொத மொதல்ல பெண்கள் சண்டையே மெயின் ஈவெண்ட், கேட்டி டெய்லர் அஞ்சாவது ரவுண்டுல தள்ளாடி அப்புறம் மீண்டு வந்து செரானோவ ஜெயிச்சாங்க. நாங்க யாரும் முழுசாப் பாக்கல. எங்க சட்டப்படி நாங்கதான் வாய மூடணும், மூடுனோம், அடுத்த வாரம் பாத்துட்டு வந்து பட்டியல்ல ஏத்துனோம்.

அறுபதுக்கு முன்னாடி போனா சுருக்கமா முடிங்க, 1938 ஜோ லூயிஸ்–ஷ்மெலிங் ரெண்டாவது சண்ட, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தன்ன நாக்கவுட் பண்ணவன மொத ரவுண்டுலயே முடிச்சது, அதுக்கு எங்க மேசையில எதிர் ஓட்டே விழல. "அந்தக் காலத்து ஆளு இந்தக் காலத்து ஆள அடிச்சிருவானா"ங்கற கேள்விக்கு மட்டும் தடை. அதுக்கு முடிவே கிடையாது, கடை மூடிருவாங்க.

ஓட்ட வாயால கேக்காதீங்க, மொதல்ல சொல்றவன் பின்னாடியே நாலு பேரு போயிருவான். சீட்டுல எழுதி கவுத்து வச்சு ஒண்ணாத் திருப்புங்க. முடிவ எங்காவது நெலையா எழுதி வைங்க, எங்களுது கடைக் கல்லாவுக்குப் பின்னாடி மாட்டியிருக்குற போன வருஷத்து காலண்டர் அட்டையோட முதுகுல இருக்கு, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஆறு கையெழுத்து. தொண்ணூறுகள் வரியில அஞ்சுதான் இருக்கு. பெரியப்பா பேனாவ வாங்குவாரு, மூடியத் தொறப்பாரு, "மூரர் தோக்காதவன்தானேடா"ன்னு சொல்லிட்டு மூடிக் குடுத்துருவாரு.