கோகோபீட் கட்டியை ஊறப் போடுவதற்கு முன்

பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியைச் சுற்றி சிமெண்டுத் தரைதான். ஒரு பிடி மண் எடுக்க வழியில்லை. மண் மூட்டையை எட்டாவது மாடிக்கு ஏற்றினாலும் பால்கனிக்கு அந்தப் பாரம் ஆகாது. அதனால்தான் தேங்காய் மட்டைத் தூளைச் செங்கல் மாதிரி அழுத்திச் செய்த கோகோபீட் கட்டிமேல் எல்லாருக்கும் ஆசை. 650 கிராம் கட்டி தண்ணீர் குடித்ததும் எட்டு, ஒன்பது லிட்டர் தூளாக உப்பிவிடும். 5 கிலோ கட்டி என்றால் கிட்டத்தட்ட 70 லிட்டர். ஈரத்தோடு இருந்தாலும் மண்ணைவிட லேசு.

நான் முதன்முதலில் வைத்த ஆறு மிளகாய்ச் செடிகளும் அந்தத் தூளில்தான் செத்தன. இலை ஓரம் கருகியது, குருத்து சுருண்டது. பூச்சியாக இருக்கும் என்று வேப்பெண்ணெய் அடித்தேன், அதற்கும் மேலே தண்ணீர் ஊற்றினேன். பூச்சியே இல்லை, எல்லாம் உப்பு செய்த வேலை.

தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் குளோரைடும் நிறைய உண்டு. நார் உரிப்பதற்காக மட்டையைக் காயல் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். கட்டியைப் பார்த்து அது எந்தத் தண்ணீரில் ஊறியது என்று சொல்ல முடியாது. அதனால் பலர் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அலசினால் தண்ணீரில் கரைந்து நிற்கும் உப்பு போகும், அது நல்லதுதான். ஆனால் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் வந்து அந்த இடத்தைப் பிடித்தால்தான் அவை இறங்கும். இதைச் செய்யாமல் விட்டால், நீங்கள் பிறகு போடும் உரத்தில் இருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தூளே பிடித்து வைத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம்தான். தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கிப் போவதற்கு இந்தக் கால்சியக் குறை ஒரு பெரிய காரணம்.

செய்ய வேண்டியது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. முதலில் நன்றாக அலசுங்கள். அப்புறம் 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் கால்சியம் நைட்ரேட் என்ற அளவில் கரைத்து, தூளை அதில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் வடித்துவிட்டு இன்னொரு முறை அலசினால் போதும். பாக்கெட்டில் 'பஃபர்ட்' என்று போட்டிருந்தால் இந்த வேலை ஏற்கெனவே முடிந்தது என்று அர்த்தம். 'வாஷ்ட்' என்று மட்டும் இருந்தால் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் இ.சி. மீட்டர் கையில் இருந்தால், அலசி வடிந்த தண்ணீரில் 1 மில்லிசீமென்ஸுக்குக் கீழே காட்டும்வரை அலசுங்கள்.

இன்னொன்று, கட்டியைப் பாதி ஊறியதோடு தொட்டிக்குள் போடாதீர்கள். நடுவில் கல்லாக இருக்கும் பகுதி பிறகு உப்பி, சின்னத் தொட்டியை விரிசல் விடவைக்கும். சுடுதண்ணீர் கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் பிரியும், ஆறிய பிறகு கையால் உதிர்த்துவிடலாம்.

அடுத்து தண்ணீர் ஊற்றும் விஷயம். என் கணக்கில் நம் வீடுகளில் உப்பைவிட இதுதான் அதிகச் செடிகளைக் கொல்கிறது. கோகோபீட்டின் மேல்பரப்பு வெயில் பட்டதும் வெளிர் பழுப்பாகிவிடும். பார்ப்பதற்குக் காய்ந்த மாதிரிதான் தெரியும். இரண்டு அங்குலம் கீழே விரலை விட்டால் சொட்டச் சொட்ட ஈரம் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், "காலையிலயும் ஊத்துறேன், சாயங்காலமும் ஊத்துறேன், ஆனாலும் வாடுதே தம்பி" என்றார். "ஊற்றுவதால்தான் அக்கா, செடி வாடுகிறது" என்றேன். வேருக்குக் காற்று இல்லாமல் போனால் அது தண்ணீரை உறிஞ்சாது, இலை காய்ந்த செடி போலவே தொங்கும். நாமும் பரிதாபப்பட்டு இன்னொரு குவளை ஊற்றுவோம். நிறத்தைப் பார்க்காமல் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

உரத்தைத் தண்ணீரிலேயே கரைத்து விடும் பெர்திகாசி மிளகாய்த் தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பல முறை சொட்டுநீர் விடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே முழு வெயிலில் நிற்கும் பெரிய செடி, கீழே தாராளமாக ஓட்டை போட்ட பை. ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் விடுவார்கள், கூடுதல் நீர் ஓடிவிடும். நம் பால்கனியில் தொட்டிக்கு அடியில் தட்டு. அந்தத் தட்டுத் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி சோதனைக்கு வரும் சுகாதார அதிகாரிகள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. தட்டையே எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு ஓட்டுத் துண்டுகளின் மேல் வையுங்கள். தூளில் மூன்றில் ஒரு பங்கு உமிக்கரி கலந்தால் காற்றோட்டம் கிடைக்கும். நர்சரியில் 'செகாம் பாக்கார்' என்று கேட்டால் கொடுப்பார்கள்.

உரம் போடாமல் வளர்க்கப் பார்ப்பது அடுத்த தவறு. கோகோபீட்டில் செடிக்குச் சாப்பாடு என்று ஒன்றும் இல்லை. அதில் தழைச்சத்து மிகக் குறைவு, கரிமம் மிக அதிகம். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது இருக்கிற கொஞ்சத் தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். வாழைப்பழத் தோலும் தேயிலைச் சக்கையும் இந்தப் பசிக்குப் பத்தாது, குட்டி ஈக்கள்தான் மொய்க்கும். ஒன்று, நன்றாக மக்கிய கம்போஸ்ட்டைக் கால் பங்கு கலக்க வேண்டும். இல்லையென்றால் கடையில் இரண்டு பாட்டிலாகக் கிடைக்கும் ஏ-பி உரம் வாங்க வேண்டும்.

அந்த இரண்டு பாட்டிலையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்கிவிட்டுப் பிறகு தண்ணீரில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏ-யில் கால்சியம், பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாகச் சேர்ந்தால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும், அப்புறம் அது செடிக்கு உதவாது. வாளித் தண்ணீரில் முதலில் ஏ-யை ஊற்றிக் கலக்குங்கள், பிறகு பி.

எல்லாச் செடிக்கும் இது ஒத்து வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீரை விதை, மிளகாய் நாற்று, தக்காளிக்கு அருமை. கறிவேப்பிலையை வெறும் தூளில் வைத்தால் உயர்ந்த பிறகு பிடிமானம் இல்லாமல் ஒரே காற்றில் தொட்டியோடு சாயும். அதற்குப் பாதிக்குப் பாதி மண் வேண்டும். ஆர்க்கிட்டுக்குத் தூளே ஆகாது, வேர் மூச்சு முட்டிப்போகும். மட்டையைத் துண்டு துண்டாக வெட்டி விற்கிறார்களே, அதை வாங்குங்கள்.

ஒருமுறை பயன்படுத்திய தூளை மறுபடியும் போடலாம். பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, தேங்கிய உர உப்பு போக நன்றாக அலசிக்கொள்ளுங்கள். ஆனால் வேர் அழுகிச் செத்த செடியின் தொட்டி என்றால் கஞ்சத்தனம் பார்க்காமல் குப்பையில் கொட்டிவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் விட்டதில் அடுத்த நான்கு நாற்றும் போயின.