மருந்தியல் ஆய்வாளரின் சைட்டேஷனை அளப்பது எப்படி: ஒரு நூலகரின் வழி

ஆய்வு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பதவி உயர்வு, ஆய்வு நிதி என்று ஏதாவது விண்ணப்பம் வந்தால் உயிரித் தொழில்நுட்பக்காரர்களும் மருந்தியல்காரர்களும் என் மேசைக்கு வருவார்கள். "என் எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு மேற்கோள் (சைட்டேஷன்) காட்டியிருக்கிறார்கள் என்பதைச் சொல்லும் ஒற்றை எண் அது. ஒழுங்காகச் செய்தால் இரண்டு நாள் வேலை. அதில் ஒன்றரை நாள் பட்டியலைச் சரிபார்க்கவே போய்விடும்.

அதனால் முதலில் பட்டியல். கட்டுரைகளின் பட்டியலை ஆய்வாளரிடமே கேட்டு வாங்குங்கள். ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணோடு வரும் அவருடைய ஆர்கிட் பக்கம், மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர் மூன்றையும் அதனோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். ஒரு பேராசிரியைக்கு நான் பார்த்தபோது, ஒரு தரவுத்தளத்தில் அவர் மூன்று ஆளாகப் பிரிந்து கிடந்தார். திருமணத்துக்கு முந்தைய பெயரில் ஒன்று, இனிஷியல் முன்னால் வந்த பெயரில் ஒன்று, பின்னால் வந்த பெயரில் ஒன்று. போதாததற்கு, அதே இனிஷியல் உள்ள ஒரு கல்லீரல் அறுவைச் சிகிச்சை நிபுணரின் நான்கு கட்டுரைகள் இவர் கணக்கில் ஏறியிருந்தன. அந்த நான்கையும் நீக்கி, மூன்று பெயர்களையும் ஒன்றாக்கிய பிறகு அவருடைய எச்-இண்டெக்ஸ் 11-லிருந்து 17 ஆனது. அந்த 11-ஐ வைத்தே இரண்டு வருடம் விண்ணப்பித்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

இனி எச்-இண்டெக்ஸ். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த கணக்கு இது. கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். எத்தனையாவது கட்டுரை வரை, அந்த வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் இருக்கிறதோ, அதுதான் எச்-இண்டெக்ஸ். ஒருவருடைய கட்டுரைகளுக்கு 90, 41, 22, 9, 6, 5, 2 என்று மேற்கோள்கள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள், சரி. ஆறாவதற்கு 5-தான், போதாது. ஆகவே எச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரைக்கு 90-க்குப் பதில் 900 வந்திருந்தாலும் அதே 5-தான். ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தவருக்கு இந்த எண் நியாயம் செய்யாது. எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்புகளையும் சேர்த்து எண்ணுவதால் அங்கே எண் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒருவருக்கு ஸ்கோபஸ், இன்னொருவருக்கு ஸ்காலர் என்று எடுத்து ஒப்பிடவே கூடாது.

மருந்தியல் என்பது ஒரே துறை மாதிரித் தெரியும். மூலிகைச் சாறு ஆய்வு, புற்றுநோய் மருந்துச் சோதனை, நொதிப் பொறியியல் மூன்றிலும் மேற்கோள் குவியும் வேகம் வேறு வேறு. இதற்கு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். இலவசமாகத் தரும் ஐசைட் தளம் கைகொடுக்கும். மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் தரும் எண்களை ஒட்டினால் போதும், ஒவ்வொரு கட்டுரைக்கும் அதன் மேற்கோளைத் துறையோடு ஒப்பிட்டு அளக்கும் ஆர்.சி.ஆர். என்ற எண் வரும். 1.0 என்றால், அதே துறையில் என்.ஐ.எச். நிதி பெற்ற கட்டுரைகளின் இடைநிலைக்கு (மீடியன்) சமம் என்று பொருள். மருத்துவச் சோதனைக் கட்டுரைகளும் சிகிச்சை வழிகாட்டிகளும் இதை மேற்கோள் காட்டியிருக்கின்றனவா என்பதும் அதிலேயே தெரியும். மருந்தியல்காரருக்கு என்னைக் கேட்டால் எச்-இண்டெக்ஸைவிட இதுதான் பெரிது. பப்மெட்டில் இல்லாத கட்டுரை ஐசைட்டில் வராது என்பதை மட்டும் மறக்காதீர்கள். சுய மேற்கோள்களைச் சேர்த்தும் கழித்தும் இரண்டு எண்ணையும் கொடுங்கள். பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகளைத் தனியாக வையுங்கள்.

அப்புறம், பலர் செய்யாமல் விடும் வேலை ஒன்று உண்டு: மேற்கோள்களைப் படிப்பது. புரத அளவைக் கண்டறியும் முறை பற்றி லௌரி குழுவினர் 1951-இல் எழுதிய கட்டுரைக்கு 3 லட்சத்துக்கும் மேல் மேற்கோள்கள். பெரும்பாலும் "புரதம் லௌரி முறைப்படி அளக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான். பயன்பட்டது என்பதற்கு அது சான்று, மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய கருத்தை இன்னொருவர் எடுத்து வளர்ப்பது வேறு. ஆகவே முதல் ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய இருபது இடங்களைத் திறந்து, அந்த வாக்கியத்தை மட்டும் படியுங்கள். அந்தப் பேராசிரியைக்கு இப்படிப் பார்த்ததில் ஒரு கட்டுரைக்கு ஏழு பேர் செய்முறைக்காகவும், இரண்டு பேர் "எங்களுக்கு இந்த முடிவு வரவில்லை" என்று சொல்லவும் காட்டியிருந்தார்கள். வெறும் பதினெட்டே மேற்கோள் பெற்ற இன்னொரு சிறிய கட்டுரையை, மருந்தளவைக் குறைக்கச் சொல்லும் ஒரு சிகிச்சை வழிகாட்டி எடுத்தாண்டிருந்தது. அவருக்கே அது தெரியாது.

கூட்டாய்வுக்கு வருவோம். ஸ்கோபஸிலிருந்து பட்டியலைக் கோப்பாக இறக்கி, லைடன் பல்கலைக்கழகத்தின் விஓஎஸ்வியூவரில் ஏற்றினால் யாரோடு யார் சேர்ந்து எழுதினார்கள் என்பதைக் கோடுகளால் காட்டும் இணை ஆசிரியர் வலைப்படம் வரும். மென்பொருள் இலவசம். இதில் கவனிக்க வேண்டியது ஆசிரியர் எண்ணிக்கை. உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பார்கள். அப்படி ஒன்று உள்ளே வந்தாலே படம் முழுவதும் ஒரே முடிச்சாகிவிடும். ஆசிரியர் மிக அதிகமுள்ள கட்டுரைகளை ஒதுக்கும் தெரிவு அதிலேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். முழு எண்ணிக்கை வேண்டாம், ஒரு கட்டுரையின் எடையை ஆசிரியர்களுக்குள் பகிர்ந்தளிக்கும் பின்ன எண்ணிக்கையைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பேர் எழுதிய கட்டுரையில் வரும் தொடர்பும் இரண்டு பேர் எழுதிய கட்டுரையில் வரும் தொடர்பும் ஒரே எடை பெறக்கூடாது.

படம் வந்ததும் ஆய்வாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். தடித்த கோடு முனைவர் பட்ட வழிகாட்டியா? அந்தத் தொடர்பு இன்னும் இருக்கிறதா? மருந்து நிறுவன முகவரியோடு இருக்கும் பெயர்கள் எவை? கோடு சேர்ந்து எழுதியதைத்தான் காட்டும். யார் என்ன செய்தார் என்பதை, கட்டுரையின் கடைசியில் பங்களிப்புக் குறிப்பு இருந்தால் அங்கே பாருங்கள். உயிரித் தொழில்நுட்பக்காரர் என்றால் காப்புரிமைகளில் அவர் கட்டுரைகள் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று, காப்புரிமைகளைத் தேட உதவும் லென்ஸ் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள்.

இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை, அதாவது அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாக வரும் மேற்கோள் எண்ணை, நான் தாளில் சேர்ப்பதில்லை. அது இதழின் எண், ஆளின் எண் இல்லை.

கடைசியில் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கும். பேராசிரியையின் தாளில் 17-ஐ மூன்றாவது வரியில் வைத்தேன். முதல் வரியில் அந்தச் சிகிச்சை வழிகாட்டியின் வாக்கியம், அதன் கீழே அதை எழுதியவர்கள் காட்டிய அவருடைய சிறிய கட்டுரையின் தலைப்பு.