ரயர் வெப்பநிலையைக் கொண்டு வீல் அலைன்மென்ட் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போரிடம் அடிக்கடி காணப்படும் முதல் தவறு, நிலாவெளி வீதியிலோ கந்தளாய்ப் பக்கம் செல்லும் ஏ6 வீதியிலோ காரை ஓட்டிவிட்டு வந்து, ரயரின் சூட்டை அளந்து, அந்த எண்களை நம்பிக் கேம்பரை, அதாவது சில்லு செங்குத்திலிருந்து உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் அளவை, மாற்றுவதாகும். மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்த சில்லு, நேர் வீதியில் உள்விளிம்பையே அதிகமாக ஊன்றி ஓடுவதால், அங்கு உள்விளிம்பு சூடாவது இயல்பே. அதைக் குறையென்று கருதிச் சாய்வைக் குறைப்பவர், வளைவில் தமக்குத் தேவையான பிடிமானத்தைத் தாமே இழக்கிறார். மணிக்கு 70 கிலோமீற்றர் வேக எல்லையுள்ள, மாடுகளும் சில இடங்களில் யானைகளும் குறுக்கிடும் வீதியில் வளைவுகளை வேகமாக எடுத்துப் பார்ப்பதோ எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. இவ்வளவீட்டுக்கு உரிய இடம் களுத்துறைப் பக்கத்துக் கட்டுக்குருந்த போன்ற மூடிய ஓடுபாதையே.

ஓடுபாதைக்குச் சென்ற பின்னரும் அளக்கும் முறையிலேயே பெரும்பாலானோர் தவறுகின்றனர். தொடாமல் அளக்கும் வெப்பமானி இறப்பரின் மேற்பரப்பை மட்டுமே காட்டும். அச்சூடோ சில நொடிகளிலேயே மாறிவிடும். ஊசிமுனையை இறப்பருக்குள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் செலுத்தி அளக்கும் கருவியே நம்பத்தக்கது. சீரான வேகத்தில் சில சுற்றுகள் ஓடிய பின், ஆறவிடும் சுற்று எதுவும் ஓடாமல் நேரே உள்ளே வர வேண்டும். உதவியாளர் கருவியும் குறிப்பேடுமாக ஆயத்தமாக நிற்க வேண்டும். வலப்புற வளைவுகள் மிகுந்த பாதையானால் இடப்புற ரயர்களே அதிகம் உழைப்பதால் அவற்றையே முதலில் அளந்து, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களிலும் குறித்துக்கொள்ள வேண்டும். வரிசை மாறினால் ஆறிய ரயரையும் ஆறாத ரயரையும் ஒப்பிட்டவர்களாவோம்.

காற்றழுத்தத்தைச் சரிசெய்யாமல் கேம்பரில் கைவைப்பது அடுத்த தவறு. நடுப்பகுதி இரு விளிம்புகளையும் விடச் சூடாக இருந்தால் காற்று அதிகம், குளிர்ந்திருந்தால் குறைவு. இங்கே நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரயருக்குள் உள்ள காற்றின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடும், ஆகவே கச்சான் வீசும் மாதங்களில், ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலுமாக நின்ற காருக்கு அப்படியே காற்றடித்தால், இரு பக்கமும் ஓடத் தொடங்கும் முன்னரே வேறுபட்டுவிடும்.

மூன்று எண்களும் சமமாக வர வேண்டும் என்று எண்ணுவது, கற்றவர்களும் செய்யும் பிழை. ரயர் தட்டையாகப் பதிய வேண்டியது கடும் வளைவில்தான். நேர்ப்பகுதிகளில் உள்விளிம்பு சேர்க்கும் சூடும் அளவீட்டில் கலந்திருப்பதால், உள்விளிம்பு 5 முதல் 8 பாகை வரை அதிகமாக இருப்பது பெரும்பாலும் நல்ல அறிகுறியே. வெளிவிளிம்பு அதைவிடச் சூடாக இருந்தால் உட்சாய்வைக் கூட்டலாம். உள்விளிம்பு அளவுக்கு மீறிச் சூடானாலோ, கேம்பரைக் குறைக்கும் முன் டோ அளவை, அதாவது சில்லுகளின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, பார்க்க வேண்டும். சில்லுகளின் முன்பக்கம் வெளிநோக்கி விரிந்திருந்தாலும் உள்விளிம்பு தேய்ந்து சூடாகும். கேம்பரை மாற்றும்போது டோவும் நகரும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அதை மீண்டும் அளப்பது கட்டாயம். டொயோட்டா 86 போல முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் எனும் சஸ்பென்ஷன் அமைப்புள்ள கார்கள், வளைவில் காரின் உடல் சாயும்போது கேம்பரை இழப்பதால், பின்பக்கத்தைவிட அதிகச் சாய்வைக் கேட்பது வழக்கம். அரைப் பாகைக்கு மேற்படாத ஒரே மாற்றத்தை மட்டும் செய்து மீண்டும் ஓடுவதே முறை. இரண்டை ஒன்றாக மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று அறியவே முடியாது.

கராஜில் வெறும் காரை நிறுத்தி அளந்து, அலைன்மென்ட் கருவியின் திரையில் பச்சை நிறம் தெரிந்ததும் திருப்தியடைவதும் போதாது. சாரதியின் எடையை இருக்கையில் ஏற்றி, வழக்கமாகப் போட்டிக்கு ஊற்றும் அளவு பெற்றோலுடன் அளந்தால்தான் அந்த எண்கள் ஓடுபாதையிலும் நிற்கும். வெப்பநிலை அழகாக அமைந்தும் சுற்று நேரம் கூடியிருந்தால், நேரமானியையே நம்ப வேண்டும்.

மூடிய பாதைக்காக வைத்த அதிகச் சாய்வுடனும் டோவுடனும் திருகோணமலைக்குத் திரும்பினால், அத்தனை தூர நேர்வீதியும் உள்விளிம்பைத் தின்றுவிடும்; ஆகையால் வீதிக்குரிய அளவுகளைப் புறப்படும் முன்னரே எழுதி வைத்து, குறைந்தது டோவையாவது திரும்பும் பயணத்துக்கு முன் மாற்றிக்கொள்ள வேண்டும்.