பாட்டுக்கு ஒரு சிச்சுவேஷன்: சுயாதீனப் பாடல்களைத் தேடி லிஸ்ட் போடுவது எப்படி

சினிமாப் பாட்டை நமக்கு யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. டீக்கடையில், ஷேர் ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில் என்று அதுவாகவே காதில் விழும். கூடவே ஹீரோ முகமும் மழையில் நடக்கிற ஒரு காட்சியும் ஒட்டிக்கொண்டு வரும். சுயாதீனப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை. (சுயாதீனம் என்பதைத்தான் இங்கிலீஷில் இண்டி என்கிறார்கள். நம் ஊரில் இண்டி என்றாலே 'சினிமாவில் வராதது' என்றுதான் அர்த்தம். பிரிட்டனில் இந்தச் சொல் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளைச் சாராத இசையைக் குறித்தது, அதற்கென்றே 1980லிருந்து தனி விற்பனைப் பட்டியலும் வந்தது.) எவ்வளவு நல்ல பாட்டாக இருந்தாலும் 'இதைக் கேளு' என்று லிங்க் மட்டும் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும், அதோடு சரி. எனக்கு அப்படி ஏகப்பட்ட நீல டிக் அனுபவம் உண்டு.

சினிமாவில் இயக்குநர் முதலில் சிச்சுவேஷன் சொல்வார், அப்புறம்தான் மெட்டு. லிஸ்ட் போடுகிறவர் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பாட்டு ஏற்கெனவே இருக்கிறது, சிச்சுவேஷனைத்தான் நாம் கொடுக்கிறோம்.

முதல் வேலை: சிச்சுவேஷனை முடிவு செய்யுங்கள்

'சோகப் பாட்டு', 'பெஸ்ட் தமிழ் இண்டி' இதெல்லாம் சிச்சுவேஷன் ஆகாது, டப்பா மேல் ஒட்டுகிற லேபிள். இடம், நேரம், ஆள் மூன்றும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொண்டது இது: வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி, கிளாம்பாக்கத்தில் ஊருக்குப் பஸ் ஏறுகிற ஒருத்தன், ஜன்னல் சீட், போனில் நாற்பது சதவீதம் சார்ஜ். இவ்வளவு குறுக்கினால் பாட்டே கிடைக்காதே என்று தோன்றும். உண்மையில் வேலை சுலபமாகிறது, ஏனென்றால் எதைத் தள்ள வேண்டும் என்பது பாட்டு ஆரம்பித்த பத்தாவது நொடியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது: ஒருவரைப் பிடித்து அடுத்தவரிடம் போங்கள்

தேடல் பெட்டியில் 'தமிழ் இண்டி' என்று அடிக்காதீர்கள். ஏற்கெனவே லட்சக்கணக்கில் ஓடிய பாட்டுதான் முன்னால் வந்து நிற்கும். பிடித்த ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டில் வேறு யார் யார் வேலை செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் கிரெடிட்ஸ் இருக்கும், யூடியூபில் வீடியோவுக்குக் கீழே உள்ள விவரத்தைத் திறந்தால் பெரும்பாலும் தபலா வாசித்தவர் பெயர் வரைக்கும் எழுதியிருப்பார்கள்.

ஒரு உதாரணம். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிலிருந்து ஆரம்பிக்கலாம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறியது, கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒன்றாகக் கலந்து வரும். டென்மா என்ற பெயரைப் பிடித்துப் போனால் குரங்கன் என்ற இசைக்குழு, அங்கே கபேர் வாசுகி, அவரிடம் போனால் கிட்டார் வைத்துக்கொண்டு நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியான பாடல்கள். அதே காஸ்ட்லெஸ் கலெக்டிவில் இருந்த 'அறிவு' என்கிற ராப் பாடகரைப் பிடித்தால் 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் அவர் போட்ட 'தெருக்குறள்' ஆல்பம். ஒரு சாயங்காலத்துக்கு இதுவே தாராளம்.

கடல் தாண்டியும் போகலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், யஞ்சனின் மிருதங்கத்தின் மேல் ராப் பாடுகிறார். முதல் தடவை கேட்டபோது கச்சேரியில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது யாரோ சண்டைக்கு வந்த மாதிரி இருந்தது, ரொம்பப் பிடித்துப்போனது. சுவிட்சர்லாந்தின் பிரியா ரகுவுடைய பாடல்களின் கிரெடிட்ஸைப் பார்த்தால் ஜாஃப்னா கோல்ட் என்று ஒரு பெயர் வரும், அது அவருடைய அண்ணன். இவர்களுக்கெல்லாம் முன்னாடியே, 2006இல், மலேசியாவில் யோகி பியும் நட்சத்ராவும் 'வல்லவன்' என்ற ஆல்பத்தில் தமிழ் ராப்பில் ஒரு கலக்கு கலக்கியிருந்தார்கள்.

கலைஞர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தையும் ஒரு நடை பாருங்கள். அங்கே ஊர்ப் பெயரையே டேக்காகப் போட்டுத் தேடலாம். பெரும்பாலான பாடல்களை முழுதாகக் கேட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

தேடும்போது ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நாலாவது பாட்டில் சினிமாவுக்கே திரும்பி வந்திருப்போம், நமக்கே தெரியாது. கிடைத்ததை எல்லாம் நேரடியாக லிஸ்ட்டில் கொட்டாமல், முதலில் ஒரு நோட்டில் பாட்டின் பெயரையும் அதில் உங்களைப் பிடித்து நிறுத்திய இடத்தையும் ஒரு வரி எழுதி வையுங்கள். 'இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுபோகிறது' என்கிற அளவுக்கு எழுதினால் போதும். இந்த வரி பின்னால் வேலைக்கு ஆகும்.

மூன்றாவது: 60 கேசட் கணக்கு

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் ரெக்கார்டிங் சென்டருக்கு வெள்ளைத் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதி எடுத்துப் போனவர்களுக்கு இது தெரியும். 60 கேசட் என்றால் ஒரு பக்கம் அரை மணி நேரம்தான். பக்கத்துக்கு ஆறு ஏழு பாட்டுக்கு மேல் பதிய முடியாது, அதனால் வீட்டிலேயே அடித்து அடித்து எழுதிக்கொண்டு போவார்கள். அந்தக் கஞ்சத்தனம் நமக்கும் வேண்டும். இப்போதைய ஆப்களில் ஆயிரக்கணக்கில் சேர்க்கலாம், ஆனால் நூறு பாட்டு உள்ள லிஸ்ட்டை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆகவே ஒரு மணி நேரம், பன்னிரண்டு பதின்மூன்று பாட்டு, ஒரு கலைஞருக்கு ஒரே ஒரு பாட்டு. முப்பது சேர்ந்திருந்தால் பாதிக்கு மேல் போயே ஆக வேண்டும். தள்ளுவதற்கு மனசு வரவில்லையென்றால் அந்த இடத்திலேயே போய்க் கேளுங்கள். நான் ஒரு தடவை வீட்டில் ஹெட்ஃபோன் போட்டு ரசித்துத் தேர்ந்தெடுத்த நாலு பாட்டு, பஸ் இன்ஜின் சத்தத்தில் காதுக்கே வரவில்லை. அத்தனை மெதுவான பாட்டுகள்.

நான்காவது: வரிசை

இதில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது, சொல்லப்போனால் இதுதான் ஜாலியான பகுதியும். சிச்சுவேஷன் சரியாக இருந்தால் வரிசையும் அதற்குள்ளேயே இருக்கும். சீட் தேடி, பை வைத்து, கண்டக்டரிடம் சில்லறைக்கு மல்லுக்கட்டும்போது மிருதங்க ராப். பரனூர் டோல்கேட் வரிசையில் பஸ் நிற்கும்போது காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மாதிரி சத்தமானது. செங்கல்பட்டு தாண்டி விளக்கை அணைத்த பிறகு கபேர் வாசுகி. சத்தமான ஒன்றுக்குப் பின்னால் உடனே முணுமுணுக்கிற பாட்டைப் போடாதீர்கள், நடுவில் ஒரு படிக்கட்டு வேண்டும். வார்த்தையே இல்லாத வாத்திய இசை ஒன்று அங்கே சரியாக உட்காரும். முதல் மூன்று பாட்டை மட்டும் இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், நிறைய பேர் அதற்கு மேல் வரமாட்டார்கள்.

ஐந்தாவது: பெயர், அப்புறம் அனுப்புவது

பெயரில் சிச்சுவேஷனைச் சொல்லிவிடுங்கள். 'ராத்திரி பத்து மணி, ஜன்னல் சீட்' என்று வைத்தேன், வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் யூடியூப் லிஸ்ட் என்றால் பப்ளிக்கா, அன்லிஸ்டடா, பிரைவேட்டா என்று ஒரு தடவை பாருங்கள். அன்லிஸ்டட் என்றால் லிங்க் இருக்கிறவர்கள் மட்டும் திறக்கலாம், ஆரம்பத்தில் அதுவே போதும். நான் முதல் லிஸ்ட்டை பிரைவேட்டில் வைத்துக்கொண்டே பதினைந்து பேருக்கு அனுப்பிவிட்டு, யாருமே எதுவும் சொல்லவில்லையே என்று ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன்.

குரூப்பில் மொத்தமாகக் கொட்டாமல் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள், கூடவே நோட்டில் எழுதிய அந்த ஒரு வரியையும் சேருங்கள்: 'அஞ்சாவது பாட்டுல நடுவுல எல்லாம் நின்னு போகும் பாரு, அங்க உன் ஞாபகம் வந்துச்சு.' இப்படி அனுப்பினால் கேட்காமல் இருப்பது கஷ்டம். அரை நிமிடமாவது கேட்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2024லிருந்து ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடியிருந்தால்தான் அதற்கு அங்கே காசு. பெரிய ஆட்களுக்கு இது தூசு, படுக்கையறையில் உட்கார்ந்து பாட்டுப் போடுகிறவருக்கு நீங்கள் அனுப்புகிற பதினைந்து பேர் பெரிய விஷயம். இன்னும் நேரடியாக உதவ வேண்டுமென்றால் பேண்ட்கேம்பில் ஒரு பாட்டை விலை கொடுத்து வாங்குங்கள், டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் பிடிப்பது வழக்கமாக 15 சதவீதம். பேண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று அவர்கள் அறிவிக்கிற வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள், 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் ஆரம்பித்த ஏற்பாடு அது.

பதிலுக்கு யாராவது ஒரு பாட்டு அனுப்பினால், பஸ்ஸுக்குப் பொருந்தினால், சேர்த்துவிடுங்கள். ஆனால் கேசட்டில் இடமில்லை, அதனால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான்.