ஒரே ராத்திரி, மூன்று பாடம்: அமெரிக்காவின் ஆரம்ப வரலாற்றைச் செவ்வியல் முறையில் சொல்லித்தருவது எப்படி?

1607இல் ஜேம்ஸ்டவுனில் ஆரம்பித்து, 1789இல் வாஷிங்டன் பதவியேற்பது வரை ஒரே வருஷத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் திட்டம் போட்டேன். பிப்ரவரிக்குள் என் பிள்ளைகள் இரண்டு பேரும் நாற்பது வருஷ எண்களைத் தலைகீழாக ஒப்பித்தார்கள். "சரி, பாஸ்டனில் சிப்பாய்கள் ஏன் சுட்டார்கள்?" என்று கேட்டேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் காலண்டரைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் முறையை மாற்றினேன். ஒரே நிகழ்வை எடுத்துக்கொண்டு, மூன்று வயதுக்கும் மூன்று விதமாக நடத்துவது. வீட்டிலேயே பாடம் எடுக்கும் பெற்றோர், வார இறுதி வகுப்பு நடத்துபவர்கள் யாரும் இதைச் செய்யலாம்.

செவ்வியல் கல்வி என்றால் பயப்பட வேண்டாம். இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்று மூன்று படிகள். சின்ன வயதில் விஷயங்களை மனதில் ஏற்றுவது, பத்து, பதினொன்றில் "ஏன்?" என்று கேட்க ஆரம்பித்ததும் காரணங்களைச் சோதிப்பது, பதினான்குக்கு மேல் தன் கருத்தை எடுத்துப் பேசுவது. பாடம் போற்றல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று நம் நன்னூல் ஆசிரியர் சொன்னதும் ஏறக்குறைய இதே வரிசைதான். இந்தப் பாடத்துக்கு இந்த முறை பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. ஹார்வர்டில் படித்த ஜான் ஆடம்ஸ் போன்ற அமெரிக்கத் தலைவர்கள் லத்தீனும் கிரேக்கமும், ரோமானியப் பேச்சாளர் சிசரோவுமாக வளர்ந்தவர்கள். அரசியல் சட்டத்தை ஆதரித்து வந்த 85 கட்டுரைகளில் இருந்த கையெழுத்தே பப்ளியஸ் என்ற ரோமானியப் பெயர்தான்.

படி 1: நிகழ்வைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு நாளுக்குள் முடிவதாக இருக்க வேண்டும். இரண்டு தரப்பு வாக்குமூலமும் கிடைக்க வேண்டும். ஒரு படம் இருந்தால் இன்னும் நல்லது. என் தேர்வு 1770 மார்ச் 5, பாஸ்டன் படுகொலை: அப்போது பிரிட்டனின் குடியேற்றமாக இருந்த பாஸ்டனில், பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர்க் கூட்டத்தைச் சுட்ட ராத்திரி. வாக்குமூலங்களும் படமும் காங்கிரஸ் நூலகத்தின் தளத்திலும் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 2: சின்னப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லுங்கள்

புத்தகத்தை மூடிவிட்டு வாயால் சொல்லுங்கள். இரவு நேரம், தெருவெல்லாம் பனி. சுங்க அலுவலகத்துக்கு முன்னால் ஹ்யூ வைட் என்ற சிப்பாய் தனியாகக் காவல் நிற்கிறான். விக் செய்யும் கடையில் வேலை பழகும் ஒரு பையன், "உங்கள் அதிகாரி எங்கள் முதலாளிக்குப் பணம் தரவில்லை" என்று கத்துகிறான். (அந்த அதிகாரி பாக்கியை ஏற்கெனவே தீர்த்திருந்தார். எட்டு வயதுக்காரர்கள் இந்த இடத்தில் கட்டாயம் சிரிப்பார்கள்.) வைட் துப்பாக்கியால் பையனை அடிக்கிறான். கூட்டம் சேர்கிறது. பனிக்கட்டியும் கட்டையும் பறக்கின்றன. மணி அடிக்க, எங்கோ தீப்பிடித்ததாக நினைத்து இன்னும் பலர் ஓடி வருகிறார்கள். கேப்டன் பிரஸ்டன் ஏழு சிப்பாய்களோடு வருகிறார். ஒருவன் அடிபட்டு விழுந்து எழுகிறான், சுடுகிறான், மற்றவர்களும் சுடுகிறார்கள். ஐந்து பேர் உயிர் போகிறது: கிறிஸ்பஸ் அட்டக்ஸ், சாமுவேல் கிரே, ஜேம்ஸ் கால்டுவெல், சாமுவேல் மாவெரிக், பேட்ரிக் கார்.

இப்போது பிள்ளை அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இடையில் திருத்தாதீர்கள். முடித்த பிறகு விட்டுப்போனதை மட்டும் கேளுங்கள். மனப்பாடத்துக்கு அந்த ஐந்து பெயர்களும் ஏழு வருஷங்களும் போதும்: 1763, 1765, 1768, 1770, 1773, 1775, 1776. ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுங்கள். முதல் அட்டையில் பிரான்ஸுடன் போர் முடிந்தது, பிரிட்டனுக்குக் கடன் ஏறியது என்று இரண்டே வரி. அடுத்தது முத்திரை வரி. 1768இல் பாஸ்டனுக்குப் படை வந்து இறங்கியது. மீதியை வரவர நிரப்பிக்கொள்ளலாம்.

படி 3: நடுவயதுப் பிள்ளைகள் கையில் படத்தைக் கொடுங்கள்

எனக்குப் பிடித்த இடம் இது. இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

வெள்ளிவேலை செய்த பால் ரெவியர் அதே மாதக் கடைசியில் அச்சடித்து விற்ற படத்தை மேஜையில் வையுங்கள். விளக்கம் எதுவும் சொல்லாமல், "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். சிப்பாய்கள் ஒழுங்காக வரிசை கட்டிச் சுடுகிறார்கள். பின்னால் கேப்டன் வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். எதிரே இருப்பவர்கள் கையில் கட்டையும் இல்லை, கல்லும் இல்லை. சுங்க அலுவலகத்தின் மேல் "கசாப்புக்கடை மண்டபம்" என்று பலகை. என் பன்னிரண்டு வயதுக்காரி முதலில் பிடித்தது வானத்தை: "ராத்திரி நடந்ததுன்னு சொன்னீங்க, நீலமா இருக்கே?"

அடுத்து வாக்குமூலங்கள். கேப்டன், "சிப்பாய்களின் துப்பாக்கிகளுக்கு முன்னால் நான் நின்றேன், சுடச் சொன்னால் முதலில் சாவது நான்தான்" என்கிற ரீதியில் வாதிட்டார். அவர்தான் ஆணையிட்டார் என்று சொன்ன சாட்சிகளும் உண்டு. பக்கத்திலேயே நின்ற ரிச்சர்ட் பாம்ஸ், "சுடு" என்ற சொல் கேட்டது, யார் சொன்னது என்று தெரியாது என்றார். கடைசியாகப் பேட்ரிக் காரின் மரண வாக்குமூலம். குண்டு பட்டுச் சில நாள் உயிரோடு இருந்தவர், சிப்பாய்கள் இன்னும் முன்பே சுடாமல் இருந்ததே ஆச்சரியம் என்று வைத்தியரிடம் சொன்னார்.

நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள்: யார் சொன்னது, எங்கே நின்று பார்த்தார், அப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம். படத்துக்கும் ஒரு வரிசை உண்டு. ரெவியருக்கு என்ன லாபம்? விற்பனையும் அரசியலும். போதாததற்கு ஹென்றி பெல்ஹாம் என்ற ஓவியர், அது தன் படத்தைக் காப்பியடித்தது என்று அவருக்கே கடிதம் எழுதினார். கேப்டனின் வாதத்தையும் சும்மா விடாதீர்கள். முன்னால் நின்றது நிஜமென்றே வைத்துக்கொண்டாலும், ஆணையிடவில்லை என்பதற்கு அது போதுமா? எங்கள் வீட்டில் இந்தச் சண்டை சாப்பாட்டு நேரம் வரை போனது.

பதில் கேட்டு நச்சரித்தால் தீர்ப்பை மட்டும் சொல்லுங்கள்: கேப்டன் விடுதலை, எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, இருவருக்குக் கொலையில் சேராத மரணம் விளைவித்த குற்றத்துக்காகக் கட்டைவிரலில் சூடு.

படி 4: பெரிய பிள்ளைகள் எழுந்து நின்று பேசட்டும்

சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். அவருக்குத் துணையாக நின்றவர் ஜோசையா குவின்சி. அரசுத் தரப்பில் வாதாடியவர் ஜோசையாவின் சொந்த அண்ணன் சாமுவேல். இந்தத் தகவல் ஒன்று போதும், பதினைந்து வயதுப் பையன்கூட போனைக் கீழே வைப்பான்.

ஆளுக்கொரு தரப்பு, ஐந்து நிமிடப் பேச்சு. பட்டிமன்றம் மாதிரி கைதட்டலுக்குப் பேசக் கூடாது, ஒவ்வொரு கருத்துக்கும் படி 3இல் பார்த்த ஒரு சாட்சியைக் காட்ட வேண்டும். மறுவாரம் தரப்பை மாற்றிவிடுங்கள். அப்புறம் ஆடம்ஸின் உரையைச் சேர்ந்து வாசியுங்கள். எங்கே தர்க்கம், எங்கே உணர்ச்சி, எங்கே ஆளின் மதிப்பை வைத்து வாதம் என்று வண்ணப் பென்சிலால் கோடிடட்டும்.

ஒன்றை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். கூட்டத்தைக் கறுப்பர்கள், ஐரிஷ்காரர்கள், மாலுமிகள் அடங்கிய கும்பல் என்று ஆடம்ஸ் இழித்துப் பேசுகிறார். இறந்த அட்டக்ஸ் ஆப்பிரிக்க, பூர்வகுடி வழி வந்தவர். நேர்மையான வக்கீல் என்று நாம் கொண்டாடும் மனிதர் ஜூரியின் தப்பெண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டார். பெரிய பிள்ளைகளோடு இதைப் பேசாவிட்டால் பாடம் பாதிதான்.

மொத்தம் நான்கு வாரம் ஆகும். சின்னதும் பெரியதும் ஒரே மேஜையில் உட்காரலாம் என்பதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த நிகழ்வுக்குக் கயிற்றில் 1773 அட்டை காத்திருக்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் ஊர்க்காரர்கள் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சென்னையில் கோட்டை கட்டி உட்கார்ந்த அதே கம்பெனி. முதல் நாள் ஒரே ஒரு கேள்வியோடு ஆரம்பியுங்கள்: அந்த வருஷச் சட்டம் தேயிலை விலையைக் குறைத்தது. விலை குறைந்ததற்கு யாராவது கோபப்படுவார்களா?