ஹஸ்கி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஏசி மட்டும் போதாது

சைபீரியன் ஹஸ்கி வாங்க நினைக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "ஏசி போட்டால் போதும்தானே?" என்றுதான். ஏசி வேண்டும். ஆனால் அதனால் பாதிப் பிரச்சினைதான் தீரும். வடகிழக்கு சைபீரியாவின் சுக்ச்சி மக்கள், இலேசான சுமை ஏற்றிய பனிவண்டியை நெடுந்தூரம் இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த இனம் இது. 1925 குளிர்காலத்தில் அலாஸ்காவின் நோம் நகரில் டிப்தீரியா பரவியபோது, ரயில் போய் நின்ற நெனானாவிலிருந்து ஏறக்குறைய 1,085 கிலோமீட்டர் தூரம் மருந்தைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பனிவண்டி நாய்க் குழுக்கள். பனிவண்டி ஓட்டுநர் லியோன்ஹார்ட் செப்பாலாவின் ஹஸ்கி டோகோ, அதில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியில் குழுவின் தலைமை நாயாக ஓடியது. அந்த உடம்புதான் இன்று இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்குள் வந்து நிற்கிறது. வெயிலில் ஓடவிட முடியாது. ஓடவிடாமல் வைத்திருக்கவும் முடியாது. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஹஸ்கி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த இடுக்கில்தான் பிறக்கின்றன.

வெப்பநிலையை மட்டும் பார்ப்பது

நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஆகவே சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் போன் 31 டிகிரி காட்டினாலும் நம்ப வேண்டாம். புழுக்கமாக இருந்தால் நாய்க்கு அது ஆபத்தான நேரம்தான்.

மாலை ஆறு மணி வாக்கிங் இன்னொரு தப்புக் கணக்கு. வெயில் இறங்கியிருக்கும், தார்ச்சாலை இறங்கியிருக்காது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. கோடையில் உருப்படியான நேரம் விடியற்காலை நாலரை முதல் ஆறு வரை. அப்போதும் புழுக்கம் இருக்கும் என்பதால் ஒரே ஓட்டமாக ஓட்டாமல் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் தண்ணீர் கொடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் மெதுவான ஒரு நடை போகலாம். பகலில் சிறுநீர் கழிக்க மட்டும், நிழலில், ஐந்தே நிமிடம்.

நாயை ஏசி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு அலுவலகம் போவதுதான் மிகவும் கவலைப்பட வேண்டிய தவறு. மே மாதப் பகலில் கரண்ட் போனால் மூடிய அறை சீக்கிரமே சூடேறிவிடும், அங்கிருந்து நாய் தப்பிக்க வழி இருக்காது. கதவைத் திறந்தே வையுங்கள். டைல்ஸ் தரையும் குளியலறையும் அதற்கு எட்ட வேண்டும். மின்விசிறியை இன்வெர்ட்டரில் இணையுங்கள், இரண்டு இடங்களில் தண்ணீர் வையுங்கள். ஏசியை 16-இல் ஓடவிட வேண்டியதில்லை, 24 போதும்.

வெப்பத் தாக்கு வந்தால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்கு வந்தும் அடங்காத இரைப்பு, கெட்டியான எச்சில், செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம், வாந்தி இவற்றில் எதைக் கண்டாலும் முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்ற வேண்டும். ஹஸ்கியின் மேல்முடி தண்ணீரை வழித்துவிடும் என்பதால் மேலே ஊற்றினால் மட்டும் தோலுக்குப் போய்ச் சேராது. வயிறு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் விரல்களால் முடியைப் பிளந்து ஊற்றுங்கள். கூடவே மின்விசிறி ஓடட்டும். ஈரத் துண்டால் போர்த்தி வைப்பது தவறு. சிறிது நேரத்தில் துண்டு சூடாகி உடம்பின் வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். தானாகக் குடித்தால் குடிக்கட்டும், வாயில் புகட்ட வேண்டாம். 39.5-க்கு இறங்கியதும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்து வாலாட்டினாலும் போகத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறைவதில் வரும் கோளாறும் சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துத்தான் தலைகாட்டும்.

"பாவம், மொட்டை அடித்துவிடலாம்"

கோடை வந்தால் க்ரூமிங் கடைகளில் இது நடக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆனால் கெடுதல். ஹஸ்கிக்கு முடி இரண்டு அடுக்கு: அடியில் கம்பளி போன்ற அண்டர்கோட், மேலே நீளமான காப்பு முடி. நேரடி வெயில் தோலில் படாமல் தடுப்பது மேலடுக்கு. அதை வழித்தால் தோல் வெந்துபோகும். திரும்ப வளரும்போது அண்டர்கோட் முந்திக்கொண்டு, முடி திட்டுத்திட்டாக வரலாம். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முளைக்காமலே நின்றுவிடும்.

எடுக்க வேண்டியது உதிர்ந்து உள்ளே சிக்கிக் கிடக்கும் அண்டர்கோட்டை மட்டும்தான். அண்டர்கோட் ரேக் என்ற நீண்ட பல் சீப்பைக் கொண்டு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முடி கொத்துக் கொத்தாக வரும் வாரங்களில் தினமும் சீவுங்கள். காற்று தோல் வரை போவதுதான் அதற்குக் குளிர்ச்சி. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு குளியல் போதும். குளித்தபின் அடிமுடி வரை காய வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரம் நின்றால், இந்தப் புழுக்கத்தில் ஓரிரு நாளில் தோல் சிவந்து புண்ணாகிவிடும். சூடில்லாத காற்று வீசும் ப்ளோயர் நல்லது. சீவும்போதே உண்ணியையும் தேடுங்கள். காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடி, கால்விரல் இடுக்கு ஆகியவைதான் அது ஒளியும் இடங்கள். இத்தனை அடர்ந்த முடிக்குள் உண்ணி இருப்பது, உண்ணிக் காய்ச்சல் வந்த பிறகுதான் பல வீடுகளில் தெரிய வருகிறது.

தயிர் சோறும் கால்சியம் சிரப்பும்

உருவத்தைப் பார்த்து ஏமாந்து அதிகம் போடுகிறார்கள். வளர்ந்த ஆண் ஹஸ்கி 20 முதல் 27 கிலோ, பெண் 16 முதல் 23 கிலோ, அவ்வளவுதான். அந்தப் பருமன் பெரும்பாலும் முடி. குறைந்த தீனியில் நெடுந்தூரம் ஓடப் பழகிய உடம்பு என்பதால் அதே அளவுள்ள மற்ற நாய்களைவிடக் குறைவாகவே தின்னும். ஒரு வேளை தட்டை முகர்ந்துவிட்டுப் போனால் பயந்து பிஸ்கட் நீட்ட வேண்டாம். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

இந்த இனத்துக்கே உரிய ஒரு குறை உண்டு: சில ஹஸ்கிகளின் குடல் துத்தநாகத்தைச் சரியாக உறிஞ்சாது. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முடி கொட்டி, பொருக்குத் தட்டும். தானியம் மிகுந்த சாப்பாடும் கூடுதல் கால்சியமும் அந்த உறிஞ்சலை இன்னும் தடுக்கும். சோறு, சப்பாத்தி என்றே போட்டு, எலும்புக்கு நல்லது என்று கால்சியம் சிரப்பும் ஊற்றும் நம் வழக்கம் இதை வளர்த்துவிடுகிறது. பொருக்கைச் சொறி என்று எண்ணிக் களிம்பு தடவிக்கொண்டே இருப்பார்கள். கால்நடை மருத்துவரிடம் துத்தநாகக் குறைபாட்டை வாய்விட்டுக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் துத்தநாகம் நஞ்சு.

ஓட்டம், இழுப்பு, ஓட்டமெடுப்பு

ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு மணி நேர வேலை இதற்கு வேண்டும். கோடையில் அவ்வளவும் வெளியே கிடைக்காது, அதனால் மீதியை வீட்டுக்குள் மூளைக்குக் கொடுக்க வேண்டும். தீனியைத் தட்டில் போடாமல் பழைய துணிச் சுருள்களுக்குள் ஒளித்துத் தேடவிடுங்கள். சிக்கன் வேகவைத்த நீரை உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் உறைய வைத்து நக்கவிடுங்கள். ஐந்தைந்து நிமிடமாகப் பயிற்சி கொடுங்கள். சோபாவைக் கிழிப்பது குணக்கேடு அல்ல, மிச்சமான தெம்பு. அடித்தால் உங்களைக் கண்டு பயப்படக் கற்றுக்கொள்ளுமே தவிர, தெம்பு குறையாது.

கழுத்துப்பட்டையில் கட்டி நடத்தினால் அது தொண்டை நெரிய நெரிய இழுக்கும். இழுப்பதற்கென்றே பிறந்தது, மார்பில் ஒய் வடிவில் வரும் ஹார்னஸ் போடுங்கள். சைக்கிளில் கட்டி ஓட்டுவதும் பாரம் இழுக்க வைப்பதும் எலும்பு முற்றும் ஒன்றரை வயதுக்கு முன் கூடவே கூடாது.

"என் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்" என்று லீஷைக் கழற்றுபவர்கள்தான் நாயைத் தொலைக்கிறார்கள். பூனையோ கோழியோ குறுக்கே ஓடினால் அதன் காதில் உங்கள் குரல் ஏறாது. காம்பவுண்டுச் சுவர் ஆறடியாவது வேண்டும். சுவரோரம் ஏறி நிற்கத் தோதாகத் தொட்டியோ மோட்டார் மேடையோ இருக்கக்கூடாது. கம்பி வேலியாக இருந்தால் வலையை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள், தோண்டிக்கொண்டு போகும். கேட்டைத் திறப்பவர் யாரானாலும் முதலில் நாய் எங்கே என்று பார்க்க வேண்டும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

வாங்கும் முன்

காவலுக்கு என்று வாங்காதீர்கள். திருடனையும் வாலாட்டி வரவேற்கும். குரைப்பது குறைவு, ஊளையிடும். தனிமையில் ஊளை கூடும், அதுவும் அடுக்குமாடியில் விடிகாலையில். சின்னக் குழந்தைகளிடம் அன்பாக இருக்கும், ஆனால் குதித்துக் கீழே தள்ளிவிடும். பெரியவர் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கடற்கரையோரத்திலோ உள் மாவட்டச் சமவெளியிலோ, பகலெல்லாம் ஆளில்லாத வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஓடும் நாய்தான் வேண்டும் என்றால் சிப்பிப்பாறை, கன்னி என்ற நம் நாட்டு நாய் இனங்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் தினசரி ஓட்டமும் திறந்த இடமும் வேண்டும், ஆனால் குட்டை முடியோடு இந்த வெயிலிலேயே உருவான உடம்பு அவை. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் இருப்பவர்களும், மேலே சொன்ன நேரத்தை ஒதுக்க முடிந்தவர்களும் ஹஸ்கி வாங்கினால், நீலக் கண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல் தாய் தகப்பன் நாய்களை நேரில் பாருங்கள். பரம்பரைக் கண்புரையும் விழித்திரைச் சிதைவும் இந்த இனத்தில் உண்டு. பெற்றோர் நாய்களின் கண் பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை எடுக்க வேண்டாம். சான்றைக் காட்டத் தயங்குபவரிடமும், தாயைக் காட்ட மறுப்பவரிடமும் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.